பண்பாட்டின் தேய்வு எங்கே தொடங்குகிறது?

ஒரு நாட்டின் வீழ்ச்சி, அந்நியன் கோட்டைக்குள் நுழைந்த நாளிலா தொடங்குகிறது? அல்லது அதற்கு முன்னரே தொடங்கி விடுகிறதா? இவ்வினாவிற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டி மாநகரின் வரலாறே தக்க சான்றாகும்.

கண்டி இராச்சியம் போர்த்துக்கேயரை 1594இல் தந்துரையிலும், 1638இல் கன்னொறுவையிலும் முறியடித்தது. 1803இல் படையெடுத்து வந்த ஆங்கிலேயரும் மகாவலிக் கரையில் அழிந்தனர். அத்தகைய இராச்சியம் 1815ஆம் ஆண்டு பெரும் போர் எதுவுமின்றி வீழ்ந்தது. மலையும் காடும் ஆறும் முன்போலவே காவல் நின்றன. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே இருந்த நம்பிக்கையே இல்லாமற் போயிருந்தது. 1814இல் எஹலேபொல அதிகாரம் மன்னனைப் பகைத்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புக, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஒருபுறம் துரோகம், மறுபுறம் கொடுமை. 1815 மார்ச் 2ஆம் திகதி ஏற்பட்ட கண்டி உடன்படிக்கை, முன்னரே நிகழ்ந்துவிட்ட வீழ்ச்சியை ஏட்டில் பதித்தது, அவ்வளவே. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் சிறையிருப்பிலேயே காலமானான்.

ஆட்சி போனதால் பண்பாடும் போய்விட்டதா? இல்லை. தலதா பெரஹரவும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் இன்றும் வீதிவலம் வருகின்றன.

மலையகத் தமிழரின் கதை இதனினும் பெரிய சான்று. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த அம்மக்களை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. உற்றார் உறவினர் பிரிந்தனர். இருந்தும் லயத்து வாசலில் மாரியம்மன் திருவிழா நின்றுவிடவில்லை. பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர்களே இரவில் வேடங்கட்டிக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஆடினர்.

இதனால் அநீதி இழைத்தவர்களின் பழி நீங்கிவிடாது. ஆயினும் வறுமையாலும் ஒடுக்குமுறையாலும் மாத்திரம் ஒரு பண்பாடு அழிவதில்லை என்பது தெளிவு.

அப்படியாயின் இன்று கூத்துக்கு ஆள் குறைவதேன்? தொலைக்காட்சியையும், கொழும்புக்குச் செல்லும் இளைஞரையும் குறை கூறுவது எளிது. காமன் கூத்துக்கு உயிர் தப்பு. அதை அடித்தவருக்குச் சபையில் கிடைத்த மதிப்பு என்ன? தப்பின் ஓசை அம்மனுக்கு உகந்தது, அடித்தவர் மட்டும் எட்ட நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்த இடங்களில், தந்தையின் தலைகுனிவைக் கண்ட மகன் தப்பைத் தொட மறுத்தால் குற்றம் யாருடையது?

தன்னவரைத் தானே சிறுமைப்படுத்தும் இடத்தில்தான் தேய்வு தொடங்குகிறது. அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் இது பொருந்தும். திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு என்று பிணங்கும் கைகள், தப்படிக்கும் முதியவரை முன்வரிசைக்கு அழைத்து வரட்டும். அவருடைய பேரப்பிள்ளை தயக்கமின்றித் தப்பைக் கையிலெடுக்கும் நாளே பண்பாடு மீளும் நாள். அதற்கு அன்னை முத்துமாரி அருள்புரிவாளாக.