சோங்கும் குழலும்

குறி தப்புவதில் இரண்டு சாதி உண்டு. ஐந்து வெடியும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கி, ஆனால் மையத்துக்கு ஒரு சாண் வலப்பக்கம் விழுந்தால் பயமில்லை. ஸ்கோப்பின் பக்கத்துத் திருகைத் திருப்பினால் கூட்டம் அப்படியே நகர்ந்து வரும். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் பெரும்பாலும் ஒரு கிளிக் என்றால் நூறு மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர். அமெரிக்க அளவென்றால் ஏழு மில்லிமீற்றர். ஐந்தும் ஐந்து பக்கம் சிதறினால்தான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து யோசிக்க வேண்டும்.

நோர்வேயில் வேட்டைக்குப் பழகும் அண்ணனின் மகன் அனுப்பிய குறிப்பலகைப் படம் இரண்டிலும் சேராது. முதல் மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. நாலாவது அதற்கு மேலே. ஐந்தாவது அதற்கும் மேலே.

"சித்தப்பா, ஸ்கோப்பை மாத்தட்டோ?"

ஒட்டுசுட்டானில் லேத் மெசினோடும் தண்ணீர்ப் பம்புகளோடும் காலம் தள்ளுகிற ஆளிடம் இதைக் கேட்கிறான். கேட்டதில் பிழையில்லை. குழாய், திருகாணி, மரம், சூடு. எனக்குத் தெரிந்த நாலு சாமான்தான் அதிலும் இருக்கின்றன.

*

ஸ்கோப்பில் கை வைக்காதே என்றேன். ஸ்கோப் ஆடினால் சன்னம் நினைத்த பக்கமெல்லாம் போகும். இது ஒழுங்காக ஒரே திசைக்கு ஏறுகிறது, அதுவும் வெடிக்க வெடிக்க. வெடிக்க வெடிக்க மாறுவது ஒன்றே ஒன்று: குழலின் சூடு.

ஒரு கடதாசித் துண்டை மடிக்காமல் குழலுக்கும் அதைத் தாங்கும் மரமான சோங்குக்கும் இடையில் கொடுத்து, நுனியிலிருந்து போல்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். முக்கால்வாசித் தூரம் போய்த் தட்டி நின்றது. குழல் அங்கே மரத்தில் முட்டுகிறது. சூடேறினால் இரும்பு நீளும், கொஞ்சம் வளையப் பார்க்கும். முட்டுகிற இடத்தில் மரம் அதை மேலே தள்ளுகிறது. அவனுடையது பழைய சுவீடன் துவக்கு, வால்நட் மரச் சோங்கு. வாங்கியது கோடையில், வெடி வைத்தது மழை தொடங்கிய பிறகு.

மரம் மழைக்கு ஊதும் என்பதை எங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் முதிரைக் கதவுகூட நிலையில் இறுகி, தோளால் இடித்துத் திறக்க வேண்டிவரும். நல்ல துவக்கில் குழல் பின்பக்கம் மட்டுமே பிடிபட்டிருக்கும். மிச்ச நீளம் முழுக்க எதையும் தொடாமல் காற்றில் நிற்க வேண்டும். உருண்டைக் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி, சோங்கில் குழல் படுக்கிற வாய்க்காலை மெல்லத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு எண்ணெய் பூசிக் காயவிடச் சொன்னேன். தேய்க்க முதல் போல்ட்டை உருவி வேறு அறையில் வை என்றதற்குச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

*

இந்தத் தொழிலில் மனிதனுக்குப் பொறுமை போகிற இடம் ஒன்றுண்டு. ரவையை மாற்றி, ஸ்கோப்பை இறுக்கி, சோங்கைத் தேய்த்து, எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டால் பிழை போய்விடும். எது பிழையாக இருந்தது என்பதும் சேர்ந்து போய்விடும். ஒன்றை மாற்று, ஐந்து வெடி வை, குழல் ஆறவிடு, எழுது. பிறகு அடுத்தது. தண்ணீர்ப் பம்பு எஞ்சின் திணறினால் பெற்றோல் குழாயையும் பிளக்கையும் ஒன்றாகக் கழற்றுகிறவனைப் பட்டறையில் வைத்திருக்க மாட்டோம். இதுவும் அதே கணக்குத்தான்.

ரவை விஷயத்தில் ஒன்று: பெட்டி முடிந்து வேறு கம்பனி வாங்கினால், ஒரே எடைச் சன்னமாக இருந்தாலும் விழுகிற இடம் மாறும். ஆகவே பரீட்சைக்கும் வேட்டைக்கும் ஒரே பெட்டி வகை.

*

பிறகு அவன் வாங்க நினைக்கிற சாமான்களின் பட்டியல் வந்தது. இருகால் தாங்கி, சத்தக் குறைப்பான், கன்னத்துக்கு உயர்த்தும் தோல், தூரம் அளக்கும் கருவி, புதுத் தோள்வார். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது: ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு திருகாணி இருக்கிறது, ஒவ்வொரு திருகாணியும் ஒருநாள் இளகும்.

இருகால் தாங்கி சோங்கின் நுனியில் மாட்டுவது. உடம்புப் பாரத்தை அதில் கொடுத்தால் மெல்லிய மரம் வளைந்து மறுபடி குழலில் முட்டும். கஷ்டப்பட்டுத் தேய்த்ததற்கு அர்த்தமில்லை. காட்டில் நின்றோ இருந்தோ வெடி வைக்கிறவனுக்கு அது தேவையுமில்லை. சத்தக் குறைப்பான் நோர்வே வேட்டைக்காரரிடம் சாதாரணமாகப் புழங்குகிறது. காதுக்கு நல்லது, தோளுக்கும் நல்லது. ஆனால் குழல் நுனியில் பாரம் ஏறினால் சன்னம் விழும் இடம் மாறும். அதைப் பூட்டியபடியே குறி சரிசெய்ய வேண்டும், பிறகு கழற்றக் கூடாது, இடைக்கிடை கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். வன்னியில் ஒருவன் துவக்கின் சத்தத்தைக் குறைக்கிறான் என்றால் ஊர் வேறு மாதிரித்தான் யோசிக்கும். நோர்வேயில் அது அயலவனுக்குக் காட்டும் மரியாதை. இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கன்னத்துத் தோல் வாங்கு என்றேன். கண் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பின் நடு அச்சில் வந்து நிற்பதற்குத்தான் அது. அதில் ஆடம்பரம் இல்லை. தோள்வாருக்குக் காசு செலவழிக்காதே. இங்கே இடியன் துவக்குக்குச் சைக்கிள் ரியூப் போதுமாயிருந்தது.

அவன் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன்: இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானர். ஸ்கோப்பின் வளையங்களை எண்ணெய் துடைத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுக்க இறுக்காமல், மூலைக்கு மூலை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கை நம்பி இறுக்குகிறவன் ஸ்கோப்பின் மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்கிவிடுவான்.

*

எண்ணெய் பற்றி இரண்டு நாட்டுக்கும் இரண்டு சட்டம். இங்கே வியர்வையும் மழையும் ஒரு இரவில் கறள் கொண்டுவரும். ஆகவே எங்கள் பழைய ஆட்கள் தாராளமாகப் பூசினார்கள். அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே போனால் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பசையாக இறுகும். உள்ளே ஓடும் ஊசி மெதுவாகி, ரவையின் அடியை வலுவாகக் குத்தாது. வெடி வராது. அந்த ஊசியைக் கழற்றிக் கழுவித் துடைத்து, ஏறக்குறைய உலர்வாகவே போடவேண்டும். போல்ட் பூட்டும் காதுகளில் மட்டும் ஒரு பொட்டுக் கிறீஸ். குழலைத் துடைக்கிற கம்பி பின்பக்கத்தால்தான் நுழைய வேண்டும், நுனியால் அல்ல. நுனியின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் மிச்ச முயற்சி எல்லாம் வீண்.

துடைத்த பிறகு எண்ணெய் மிஞ்சியிருந்தால் முதல் வெடி மட்டும் வேறு இடத்துக்குப் போகும். வேட்டையில் பெரும்பாலும் முதல் வெடி மட்டும்தான் இருக்கிறது.

*

கற்சிலைமடு எங்கள் பட்டறையிலிருந்து அதிக தூரமில்லை. 1803 ஒக்ரோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கல் நட்டுச் சொன்ன இடம். வென்றவன் எழுதிய கல். நான் லேத்காரன், எனக்கு வேறொரு கணக்கு ஓடும். அந்தக் காலத்துப் பிரித்தானியப் படையின் வழமையான பிறவுண் பெஸ் துவக்கில், ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் குழலுக்குள் 17.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு. ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி! குண்டு சுவரில் முட்டிமுட்டி வெளியே வரும், கடைசியாக எந்தச் சுவரில் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். ஒரு ஆளைப் பார்த்துச் சுடுவதற்கு அது ஆகாது. வரிசையாக நின்று வரிசையைச் சுடுவதற்குத்தான்.

என் பெறாமகனுடையது 6.5 என்று பெயர், ஆனால் சன்னத்தின் விட்டம் 6.7. குழலின் உள்மேடுகளைவிடச் சன்னம்தான் பெரிது. அந்த மேடுகள் அதைக் கீறிப் பிடித்து, ஏறக்குறைய 20 சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்றாக முறுக்கி அனுப்புகின்றன. இடைவெளியே இல்லாமல் போன அன்றுதான் துவக்கு ஒருவனை மட்டும் தெரிவுசெய்யப் பழகியது.

சினைப்பர் என்ற சொல் எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லாக இருந்தது. அதற்கு மேல் இந்தக் கொப்பியில் எழுத விருப்பமில்லை. பின்லாந்தின் சிமோ ஹைஹா பற்றி அவன் சொன்னான்: 1939–40 பனிப் போரில் ஸ்கோப்பே வேண்டாமென்று இரும்புக் குறியோடு இருந்த விவசாயி. ஸ்கோப் வைத்தால் தலையை உயர்த்த வேண்டும், கண்ணாடி பனியில் மங்கும், வெயிலில் மினுங்கும் என்பது அவர் நியாயம். சாமான் தெரிவைப் பொறுத்தவரை அதைவிடத் தெளிவான நியாயம் நான் கேட்டதில்லை. அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்ற தொகையை அவன் தொடங்க, கதையை மாற்றினேன்.

*

சோங்கு தேய்த்தாகிவிட்டது. கடதாசி தடையில்லாமல் ஓடுகிறது. புதுப் படத்தில் ஐந்தும் ஒரு கூட்டம், கொஞ்சம் இடப்பக்கம். அது திருகு வேலை.

நோர்வேயில் எல்க் சுடப் போகிறவன் ஒவ்வொரு வருடமும் முப்பது வெடி பயிற்சி வைத்து, பிறகு நூறு மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடி போட்டுக் காட்ட வேண்டும். எல்க் எங்கள் மரையைவிடப் பெரிய மிருகம். அவனுடைய துவக்கு இப்போது அந்த வட்டத்தின் கால்வாசிக்குள் போடும். பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று அண்ணி கேட்டாராம். பெஞ்சில் வைத்துச் சுடும்போது உள்ள கை வேறு, மலையேறி மூச்சு வாங்கும்போது உள்ள கை வேறு. துவக்கு தன் பங்குப் பிழையைக் குறைத்தால் மிச்சம் கைக்கு.

இவ்வளவு சாமானிலும் எந்த ஸ்கோப், எந்தத் தாங்கி என்று அந்த நாட்டுச் சட்டம் கேட்பதில்லை. கட்டாயம் என்று சொல்வது ஒரு நாயை. காயப்பட்டு ஓடிய மிருகத்தை மணந்து தேடப் பழக்கி, சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட நாய், சில மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அவன் சேர்ந்த குழுவில் ஒரு கிழவரிடம் அப்படி ஒன்று இருக்கிறதாம். இருகால் தாங்கிக்கு எடுத்துவைத்த காசில் அந்த நாய்க்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போ என்றேன்.