வெறியாட்டும் ஈசிஜியும்

வெறியாட்டுத் துறையை 19 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். மகள் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது. தாய் வேலனை அழைக்கிறாள். முருகன் அணங்கினான் என்று சொல்லி அவன் வெறியாடுகிறான். காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். வகுப்பு சிரிக்கும் இடம் அது. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்தப் பாடம் முடிந்த ஒரு மதியம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். “அம்மா, திடீர்னு நெஞ்ச இறுக்கிப் பிடிக்குது. யாரோ துரத்துற மாதிரி இதயம் அடிக்குது.” நான் கேட்ட முதல் கேள்வி: “யாரும்மா அந்தத் தலைவன்?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வீட்டில் பரீட்சைப் பயம் என்றார்கள். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது. “டென்ஷன், கல்யாணமானா சரியாயிடும்” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து, படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்க வாய்த்தது. எஸ்விடி என்றார்கள். இதயத்தின் மின்துடிப்பு ஒரு குறுக்குவழியில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பது. சுவிட்ச் போட்டதுபோலத் தொடங்கி, நிமிடத்துக்கு 150, 200 என ஓடி, அப்படியே சட்டென்று நிற்கும். நின்றபின் எடுக்கும் ஈசிஜியில் பெரும்பாலும் தடயம் இருக்காது. இளம் பெண்களுக்கு இது வரும்போது பதற்றநோய் என்று எழுதிவிடுவது மருத்துவ உலகுக்குப் பழகிய தவறு.

ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ஓர் அநீதியாகவே வரையறுத்தார் மிராண்டா ஃபிரிக்கர், 2007இல் வந்த நூலில். என் கேலியும் அந்த அநீதியில் சேர்ந்ததுதான். வேலனை எள்ளிய வாயால் வேலனின் வேலையைச் செய்திருக்கிறேன்.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் அது எனக்கு வசதி. இயந்திரம் சாட்சி சொன்னதால் அவளை நம்பினேன். சொல்லாமல் போயிருந்தால்?

விடுதியில் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் அதே படபடப்பு. ஒரு நாள் முழுக்க ஹோல்டர் கருவியை மார்பில் கட்டிக்கொண்டு திரிந்தாள். தாளம் பிசகவில்லை, வேகம் மட்டும் கூடியிருந்தது. ஹீமோகுளோபின் 7. இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபோது இதயம் கூடுதல் நடை நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, அதே வயது ஆண்களில் 25. கறித்துண்டு யார் தட்டில் விழுகிறது என்று தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை. தைராய்டு, சிறுவயது வாதக்காய்ச்சல் விட்டுப்போன வால்வுக் கோளாறு, தூக்கமின்மை, எனர்ஜி டிரிங்க் என்று காரணங்கள் இன்னும் உண்டு. ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரையில் அவளுக்கு இரத்தம் ஏறியது. படபடப்பு பாதிதான் குறைந்தது. மீதிக்குக் காரணம் அச்சம். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அந்த வீட்டில் அவள் அஞ்சுவதற்கு ஆள் இருந்தது. “மனசுதான்” என்று விடுதியில் சொன்னவர்கள் பாதி சரி. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை நிஜமாகவே விரட்டுகிறது. பிழை ‘மனசு’ என்பதில் இல்லை. கூட ஒட்டிவரும் அந்தத் ‘தான்’ இருக்கிறதே, இலக்கண ஆசிரியர்கள் தேற்றம் என்போம், அது விசாரணையை மூடிவிடுகிறது. முதல் மாணவிக்கு நேர்ந்ததைப் பார்த்த கோபத்தில், “இது மனசு இல்லை, நிஜ நோய்” என்று நான் எல்லாரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டிருந்தால் இவள் என்னிடம் வந்திருப்பாளா?

இந்தப் பருவத்திலும் வெறியாட்டு நடத்தினேன். தலைவியிடம் யாருமே நேராகக் கேட்கவில்லையே என்றது ஒரு பெண். வகுப்பு முடிந்தும் அவள் போகவில்லை. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. எப்போது தொடங்கும், எப்படி நிற்கும் என்று கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.