படம் இல்லாத இலை



ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் எங்க பாட்டி படையலில் ஓர் இலை தனியா போடுவாங்க. தாத்தாவின் இலைக்கு முன்னால் அவர் படம் இருக்கும். இந்த இலைக்குப் படம் கிடையாது. அவிச்ச மரவள்ளிக்கிழங்கு மட்டும் கட்டாயம் இருக்கும்.

அது பாட்டியோட அண்ணனுக்கு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் நேதாஜியின் அழைப்பைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். அவருக்கு வயது 19, பாட்டிக்கு 8. 1945-இல் பர்மாவில், போப்பா மலைப் பக்கம் நடந்த சண்டையில் இறந்துட்டார்னு திரும்பி வந்த ஒருத்தர் சொன்னாராம். உடல் வரவில்லை. திதியும் தெரியாது. அதனால்தான் மகாளய அமாவாசையில் படைக்கிறாங்க.

“ஆத்மா அழியாதுன்னு கீதை சொல்லுதே, ஏன் பாட்டி இன்னும் அழுவுறீங்க?” என்று ஒருமுறை பெரிய ஞானி மாதிரி கேட்டேன். பாட்டி பேசாமல் இலையைத் துடைச்சாங்க.

பிறகு பாரதம் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது. கண்ணன் கீதை சொன்னது போர் தொடங்கும் முன். அபிமன்யு விழுந்தது 13-ஆம் நாள். கீதையை நேரில் கேட்ட அர்ச்சுனனே மகனுக்காகக் கதறினான். கண்ணன் அவனைத் தேற்றினான்.

போர் முடிந்ததும் தருமர் என்ன செய்தார்? இரு தரப்பிலும் மாண்டவர்களுக்கு ஈமக்கடன் செய்யச் சொன்னார். கேட்க நாதியில்லாதவர்களையும் விடவில்லை. அப்புறம் கங்கையில் நீர்க்கடன். அழுதவர்களுக்கும் கடமை காத்திருந்தது.

பொறியியல் படிக்கிற எனக்கு எதுக்கும் ஆதாரம் வேணும். மாமா தாத்தாவுக்குப் படமும் இல்லை, கல்லறையும் இல்லை. பாட்டியின் ஞாபகம் ஒன்றுதான் ஆதாரம். அதுவும் இப்போ தடுமாறுது. போன வருஷம் அவர் பெயரைக் கேட்டப்ப, ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் சொன்னாங்க. பயந்துட்டேன். உடனே என் பாட நோட்டிலேயே எழுதி வச்சேன்.

இந்த வருஷம் இலை போடப்போவது நான். கிழங்கு அவிக்கவும் கத்துக்கிட்டேன்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெயர் இருக்கலாம். இன்றைக்கே தாத்தா பாட்டியிடம் கேளுங்க. கேட்டு எழுதி வையுங்க. வரும் அமாவாசையில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கை தண்ணீர் விடுங்க.

ஓம் சாந்தி.