காதின் வாசலில் இரண்டு மைக்குகள்

சேலம், நாமக்கல் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளின் அறைகளில் ஒலி சீக்கிரம் அடங்குவதில்லை. பூசிய சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எல்லாமே தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பிவிடும். என் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரமும் பத்தடி. சாமான் எதுவும் இல்லாமல், ஜன்னலைச் சாத்திக் கணக்குப் போட்டால் ஒரு கைதட்டல் ஓய மூன்று விநாடிக்குப் பக்கம் ஆகிறது. பாட்டுக் கேட்க அரை விநாடி போதும்.

*

இந்தக் கணக்கைத் தந்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அந்த இளம் ஆசிரியருக்கு வந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவு, திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது.

நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றைத் திறந்தாலே என் மூன்று விநாடி ஏறக்குறைய ஒன்றரையாகிவிடும். ஆனால் அதே வழியாகத்தான் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் உள்ளே வருகிறது. ஆகவே தறி நிற்கும் நேரம் பார்த்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு அளக்கிறேன்.

*

ஸ்டாண்டில் நிற்கும் மைக் அறையை மட்டும் அறியும். நான் அளக்கும்போது காதுத் துளைகளின் வாயில் பொருத்திக்கொள்ளும் இரண்டு சிறு மைக்குகள், அறைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதையும் அறிகின்றன. ஸ்பீக்கரில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரே ஒலி மெல்ல ஏறிப் போகும். தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. வேறெதற்காகவும் நான் இவ்வளவு அசையாமல் கேட்டதில்லை.

*

கேட்பது பெரும்பாலும் பழைய பாட்டு. ஏற்காட்டுச் சாலையில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) வண்ணத்தில் வந்தது, ஒலி மோனோதான். இடம் வலம் என்று பதிவில் எதுவும் கிடையாது. நேர் எதிரே ஒற்றை ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டால், என் இரண்டு காதுகளுக்கும் இடையே தெரிகிற வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் அறை தந்தது. இடப்புறம் சுவர், வலப்புறம் மாடிப்படி. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். சுவரில் பட்டு ஆறடி சுற்றி வருவது, நேரே வந்ததைவிட ஐந்து மில்லி விநாடி பிந்துகிறது. இடது காது மைக்கின் அளவை வரைந்த கோட்டில் அது சின்ன முளையாகத் தெரிகிறது. ஆனால் காதுக்கு அது தனியாகக் கேட்பதில்லை. இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதை மூளை முதல் ஒலியோடு சேர்த்துவிடும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இலேயே ஆராய்ந்து காட்டினார். பாடுகிறவரின் குரல் கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான். அந்த அகலம் எனக்கு வேண்டும். அந்தச் சுவரில் எதையும் மாட்டப் போவதில்லை.

*

வெயிலும் கணக்கில் வருகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பன்னிரண்டு அடி நீளத்துக்குரிய முழக்கம் மார்கழி விடியலில் 47 ஹெர்ட்ஸ். சித்திரை மத்தியானத்தில் 48.5. அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் சேர்ந்து முழங்குகின்றன. தரையில் விரித்த பவானி ஜமுக்காளம் இந்த முழக்கத்தைத் தொடாது; அது மேல்சுரங்களை மட்டும் கொஞ்சம் அடக்கும். மூலையில் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை சிறிது உதவுகிறது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து தள்ளிப் போடுவது அதைவிட உதவுகிறது.

*

அதே நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து அளந்தேன். 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் எங்கள் கோடுகள் வேறுவேறு மேடுகளாக எழுகின்றன. காது மடலின் குழிவு ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம். அதன் வழியாகவே பிறந்தது முதல் எல்லாக் குரலும் கேட்டிருக்கிறோம். கோடு நேராக வேண்டும் என்று அந்த மேட்டை ஈக்வலைசரில் வெட்டினால், பழகிய குரல் அந்நியமாகிவிடும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருவர் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. அத்தனை நீண்ட அலைக்கு ஒரு தலை தடையே இல்லை. அங்கே தெரிவது அறை மட்டும்தான். ஈக்வலைசர் திருத்தத்தை அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்கிறேன்.