யாரைத் தூக்கி நிறுத்துவது?

நொடித்துப்போன ஒரு தொழிலை அரசாங்கம் பொதுப் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தலாமா? "லாபம் வந்தபோது நமக்குப் பங்கு கொடுத்தார்களா? நஷ்டத்தை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்பார் ஒருவர். "ஆலையை மூடினால் எத்தனை வீடுகளில் அடுப்பெரியாது, தெரியுமா?" என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

காஞ்சிபுரத்தில் இந்தச் சிக்கல் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்து வீடொன்றில் தகப்பனார் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்கிறார். மகனோ விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைக்குப் போகிறான்.

தகப்பனாரின் தொழிலுக்கு நாம் வெகுகாலமாகக் கைகொடுத்து வருகிறோம். 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. 1953-ல், இந்த ஊரிலே பிறந்த அண்ணாதுரை, தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் விற்றார். அதே ஆண்டில், ஆலைத் துணிமீது வரி போட்டுக் கைத்தறிக்கு உதவ மத்திய அரசு சட்டம் செய்தது. 1985-ல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி இன்னொரு சட்டம் வந்தது.

மகனின் தொழில் சாய்ந்தால் என்ன செய்வது? ஃபோர்டு கம்பெனி 2021-ல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர்த் தொழிற்சாலையில் 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றது. அரசாங்கம் பணம் கொடுத்துத் தடுத்திருக்க வேண்டுமா? அமெரிக்கா அப்படிச் செய்து பார்த்தது. 2008, 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் முதலியவற்றைக் காப்பாற்ற ஏறத்தாழ 8,000 கோடி டாலர் இறங்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் பிழைத்தது. ஆனால் பழைய பங்குதாரர்கள் முதலை இழந்தார்கள்; தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது; தொழிலாளரும் சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள். 2013-ல் அரசாங்கம் கடைசிப் பங்கையும் விற்றபோது சுமார் 1,000 கோடி டாலர் திரும்பி வரவில்லை.

என் மனம் இதில் ஒரு வேற்றுமையைக் காண்கிறது. கார்த் தொழிற்சாலை வேறு, அதில் உழைக்கும் மனிதன் வேறு. குஜராத்தில் ஃபோர்டு விட்டுப்போன சாணந்த் தொழிற்சாலையை 2023-ல் டாடா எடுத்துக்கொண்டது. இயந்திரத்துக்கு இன்னொரு முதலாளி கிடைப்பான். ஆகவே அங்கே உதவி மனிதனுக்குப் போகட்டும்: வேலையில்லாத மாதங்களுக்குச் சம்பளமாக, புதுத் தொழில் கற்கும் செலவாக. முதலாளிக்குக் கொடுத்தேதான் ஆகவேண்டுமென்றால், அவரும் முதலில் எதையாவது இழந்திருக்க வேண்டும்.

தறியில் அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே தொழிற்சாலையும் மனிதனும் ஒன்று. அந்தக் கை ஓய்ந்துவிட்டால், அதை விலைக்கு வாங்க எந்த டாடாவும் வரமுடியாது.

அப்படியானால் நெசவாளருக்குக் கொடுப்பது முழுக்கவும் தருமந்தானா? அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரைக்கு நாடா எறிய வேண்டும். ஒரு காலத்தில், பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில், வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று அந்த இடம் காலி. "பையன் திரும்பித் தறிக்கு வருவானா?" என்று ஒரு முதியவரைக் கேட்டேன்.

"எதுக்குங்க வரணும்?" என்றார் அவர். "மாசம் பிறந்தா அவனுக்குச் சம்பளம். எனக்குச் சேலை முடிஞ்சாத்தானே கூலி?"

தள்ளுபடி விலையில் பட்டுச் சேலை வாங்கி, "கலை வாழ்கிறது" என்று பெருமைப்படுகிறோம். சலுகையின் ஒரு பகுதி வாங்குகிற நம் மடியிலேயே விழுந்துவிடுகிறது. ஊரார் பிள்ளை குழியில் உட்கார்ந்தால்தான் நம் வீட்டுக் கல்யாணம் சிறக்கும் என்பது தருமமாகாது. பொதுப் பணம் அந்தக் குழியில் மனிதனை இருத்திவைக்கும் கூலியாக இருந்தால் அது பாவம். பஸ் ஏறவும் தறியில் அமரவும் மகனுக்குச் சமமான உரிமை தருகிற கூலியாக இருந்தால் மட்டுமே அது உதவி. அந்தக் கூலிக்கு ஏற்ற விலையை நாமும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.