உடைமையும் பார்வையும்

திருட்டுப் போன பொருளைத் தேடும் உரிமை எந்த இடத்தில் முடிகிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். சென்ற ஆண்டு, சின்ன அளவில் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் லேப்டாப் ஆபீஸிலிருந்து காணாமல் போயிற்று. ஆர்டர் விவரம், அளவுப் பட்டியல், விலைக் கணக்கு எல்லாம் அதில். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "கடையில உட்கார்ந்துட்டே இதை ரிப்பேர் பண்ணுவீங்களே, அது மாதிரி உள்ள போய்ப் பாருங்க" என்றார்.

பழுது பார்க்க நான் போட்டு வைத்திருந்த ரிமோட் மென்பொருளை யாரும் அழித்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் இரவு லேப்டாப் இணையத்தில் தலைகாட்டியது. எந்த ஐ.பி. எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு? போலீஸுக்கு இவ்வளவு போதும். இணைப்புக் கொடுத்த கம்பெனியிடம் முகவரி கேட்பது அவர்கள் வேலை. பத்து நிமிஷத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் நான் வெளியே வரவில்லை.

திரையில் ஒடியா எழுத்துகள். பிறகு வீடியோவில் ஒரு பெண், மடியில் குழந்தை. மூலையில் சின்னக் கட்டத்தில், ஏதோ லைன் வீட்டு அறையில், சட்டையில்லாமல் ஓர் இளைஞன். பேச்சு எனக்குப் புரியவில்லை. அவன் அழுதது புரிந்தது. மறுநாள் இரவும் போனேன், மூன்றாம் நாளும் போனேன். ஆதாரம் சேர்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சட்டம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத்தான் தவறென்கிறது. எனக்கு உரிமையாளரின் அனுமதி இருந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். நான் அரசாங்கம் அல்ல என்று அதையும் தாண்டிவிடலாம்.

தாண்ட முடியாமல் செய்தது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து வழக்கு ஒன்று. 2008-இல் ஓர் ஆசிரியை, தன் மாணவன் ஒருவனிடம் 60 டாலருக்குப் பழைய லேப்டாப் வாங்கினாள். அது பள்ளி நிர்வாகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டது. மீட்டுத் தரும் நிறுவனத்தின் ஊழியர் முகவரியோடு நிற்கவில்லை. தொலைவிலிருந்த சிநேகிதனோடு அவள் நடத்திய அந்தரங்க உரையாடலையும் படங்களையும் பிடித்துப் போலீஸிடம் கொடுத்தார். அவள் மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று. அவள் தொடுத்த வழக்கை விசாரிக்கலாம் என்று 2011-இல் நீதிபதி தீர்மானித்தார். ஐ.பி. எண்ணைத் தெரிவிப்பது வேறு, பேச்சை இடைமறிப்பது வேறு என்று அவர் பிரித்தார். நான் என் பத்தாவது நிமிஷத்தில் பிரிக்கத் தவறியது இதைத்தான்.

"திருட்டுப் பொருளை வச்சிருக்கிறவனுக்கு என்னங்க அந்தரங்கம்?" என்று லேப்டாப்காரர் கேட்டார். நியாயமான கோபம். அவன் திருடனாகவே இருந்து, தன் அந்தரங்கத்தை இழந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் இருந்த பெண் எதைத் திருடினாள்? அவளையும் அல்லவா பார்த்தேன்? திருடு போன சைக்கிள் திருடன் வீட்டுத் திண்ணையில் நின்றால் அதை மட்டுமே மீட்க முடியும். சைக்கிளுக்குக் கண் கிடையாது. இப்போதைய உடைமைகளுக்குக் கண் இருக்கிறது. பொருள் என்னுடையது என்பதால் அதன் முன் வந்து உட்கார்ந்த வாழ்க்கையும் என்னுடையது என்று நினைப்பது, பண்ணையார்களுக்குப் பழக்கமான தர்க்கம். தன் மில்லில் வேலை செய்கிறவள் விடுதியில் யாரோடு போனில் பேசுகிறாள் என்று கேட்கும் முதலாளியிடமும் இதே தர்க்கம் உண்டு. அவரைக் கண்டித்துப் பேசியவன்தான் நான்.

லேப்டாப் கிடைத்தது. பில் இல்லாமல் நாலாயிரம் ரூபாய்க்கு யாரிடமோ வாங்கியதாக அவன் சொன்னான். விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பணம் போனது போனதுதான்.

இப்போது இப்படி யாராவது வந்தால், எண்ணும் நேரமும் மட்டும் எடுத்துத் தருவேன், திரையைத் திறக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில், தனியாக, இதைக் காப்பாற்றுவேனா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவனைச் சில நாள் டீக்கடையில் பார்க்கிறேன். ஒரு தடவை பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தான். அவன் எப்படி அழுவான் என்று எனக்குத் தெரியும். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. உட்காராமல் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.