நம்பிக்கை இருந்தால் சோதனை எதற்கு?

நாம் செய்த வேலையை இன்னொருவர் வந்து சரிபார்த்தால் நமக்குச் சுருக்கென்று குத்தும். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்போம். வீட்டில், கோயில் கணக்கில், அசைன்மென்டில், எங்கும் இதே கதைதான். நம்பிக்கையும் சோதனையும் எதிரிகள் என்று நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு வினோதமான பொழுதுபோக்கு. சின்னச் சின்ன ஸ்டீம் டிராக்ஷன் எஞ்சின் செய்வது.

டிராக்ஷன் எஞ்சின் என்றால் தண்டவாளம் இல்லாமல் சாலையில் ஓடும் நீராவி எஞ்சின். ஆரம்பத்தில் பண்ணை எஞ்சினை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குதிரைகள்தான் இழுத்துப் போகும். தனக்கே சக்தி இருக்கும்போது அதை ஏன் குதிரை இழுக்கணும் என்று யோசித்தவர் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் ஊர் தாமஸ் ஏவ்லிங். 1859-இல் எஞ்சினையும் பின் சக்கரத்தையும் சங்கிலியால் இணைத்து அதைத் தானே நகர வைத்தார். பிறகு கதிரடிக்க, உழ, பாரம் இழுக்க, திருவிழா ராட்டினத்துக்கு மின்சாரம் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் இதுதான். ரோடு போடும் ஸ்டீம் ரோலரும் இதன் உடன்பிறப்பு. மலாயாவில் வெயிலில் கல் உடைத்து ரோடு போட்ட நம்மவர்களுக்கு அந்த உருளையின் சத்தம் பழக்கமாகத்தான் இருந்திருக்கும்.

டிராக்டர் வந்ததும் இவை பழைய இரும்புக்குப் போயின. 1950-இல் ஆப்பிள்ஃபோர்டு கிராமத்தில் இரண்டு பேர் ஒரு சின்னப் பீப்பாய் பீருக்குப் பந்தயம் கட்டி எஞ்சின் ஓட்டினார்கள். அந்த விளையாட்டிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டீம் கண்காட்சிகள். படிப்பின் ஒரு பருவத்துக்கு இங்கிலாந்து போனபோது அப்படி ஒன்றுக்குப் போனேன். ஈரப் புல்வெளி, நிலக்கரிப் புகை, சூடான எண்ணெய் வாசனை. கயிற்றுக்கு அந்தப்பக்கம் பத்து டன் எஞ்சின், இந்தப்பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தைகள். முழு எஞ்சின்களுக்கு நடுவே முழங்கால் உயர மாடல்களும் நிஜமாகவே கரி தின்று ஓடிக்கொண்டிருந்தன.

அங்கே பழக்கமான ஒரு மாடல் கிளப்பில்தான் 'மின்னி'யைப் பார்த்தேன். எல்.சி. மேசன் வரைந்த டிசைன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது நிஜ எஞ்சினில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வார்ப்புகளை வாங்கி, லேத்தில் கடைந்து, வேலை முடிந்த மாலைகளில் ஆண்டுக்கணக்கில் செய்வார்கள். அதன் பாய்லர் தாமிரம். மூட்டுகளை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி வெள்ளி கலந்த பற்றுக்கம்பியால் இணைக்க வேண்டும். மேலே பளபளவென்று இருக்கும் மூட்டுக்குள் பற்று ஓடியதா இல்லையா என்று கண்ணால் சொல்லவே முடியாது.

அதனால் ஒரு சோதனை. பாய்லரில் காற்றே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு என்றால், புது பாய்லருக்கு 120 வரை. தண்ணீர் எதற்கு? தண்ணீரை அழுத்தினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது. மூட்டு விட்டாலும் புஸ்ஸென்று கசிந்து அடங்கிவிடும். நீராவியோ சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங் மாதிரி. அதே இடத்தில் அது விட்டால் உயிர் போகும்.

இதில் எனக்குப் பிடித்த விதி, செய்தவர் சோதிக்கக் கூடாது. எழுபது வயசைத் தாண்டிய ஒருவர், எத்தனையோ பாய்லர் செய்தவர், தன் புது பாய்லரை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பம்ப் அடித்தவர் அவரைவிட முப்பது வயசு சின்னவர். "உங்களுக்குச் சங்கடமா இல்லையா?" என்று கேட்டேன். நான் பார்த்தால் நான் செய்ய நினைத்ததுதான் தெரியும், அவன் பார்த்தால் நான் செய்தது தெரியும் என்றார் தாத்தா. பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்கு ஏறாதது அங்கேதான் ஏறியது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மெடினாவில் நடந்ததை இங்கே சொல்லணும். 2001 ஜூலை 29. கண்காட்சி மைதானத்துக்கு வந்த ஒரு பழைய கேஸ் டிராக்ஷன் எஞ்சின் வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். தீ எரியும் அறையின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தகடு பழுத்து இளகிவிடும். அங்கே தண்ணீரும் குறைந்திருந்தது, தகடும் காலப்போக்கில் மெலிந்திருந்தது. இறந்தவர்களில் எஞ்சினின் சொந்தக்காரரும் அவர் மகனும் அடக்கம். அலட்சியமான ஆளாக இருந்தால் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துவாரா? அவருக்கு அதன் மேல் பாசமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. பாசம் தகட்டின் கனத்தை அளக்காது. அன்று இப்படிப்பட்ட பழங்கால பாய்லர்களுக்கு அந்த மாநிலத்தில் கட்டாயப் பரிசோதனை இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

"அப்போ எல்லாத்துக்கும் ஃபாரம், கையெழுத்து, இதுதானே நீ சொல்றது?" என்று நண்பன் கிண்டல் செய்தான். இல்லை. தொழிற்பயிற்சிக்குப் போன ஓர் ஆலையில் ஃபாரத்துக்குக் குறைச்சலே இல்லை. அழுத்தமானிகளைச் சரிபார்த்ததாக அந்த வாரத்துக்கான தாள் திங்கட்கிழமை காலையிலேயே நிரம்பியிருக்கும். வெள்ளிக்கிழமை அளவு உட்பட! மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். எனக்குச் சாப்பாடெல்லாம் வாங்கிக் கொடுப்பார். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே தம்பி, ஒருத்தர ஒருத்தர் நம்பித்தானே வேலை செய்றோம்" என்றார். சாட்சிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேசைக்காரர் போட்டார். அதன்பிறகு தேநீர் இடைவேளையில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. என் பயிற்சிப் புத்தகத்தில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது, பெரிய வீரம் ஒன்றுமில்லை.

அவர் சொன்ன நம்பிக்கை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நிஜமாகவே ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ஆனால் யாருடைய பொருளைப் பணயம் வைத்து? கயிற்றுக்கு இந்தப்பக்கம் ஐஸ்கிரீமோடு நிற்கும் பிள்ளைக்கு எஞ்சின் செய்தவரைத் தெரியாது. அது யாரையும் நம்பி வரவில்லை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தது. நமக்குள் இருக்கும் நம்பிக்கையை அந்தப் பிள்ளையின் சார்பில் செலவழிக்க நமக்கு உரிமை கிடையாது. சோதனை என்பது அந்தப் பிள்ளைக்காக. செய்தவரை அவமானப்படுத்த இல்லை.

ஊர் திரும்பியதும் மின்னியின் பாய்லரை மட்டும் பல்கலைக்கழகப் பட்டறையில் செய்து முடித்தேன். தொழில்நுட்பர் அண்ணன் கூடவே நின்று உதவியதால் அவரும் செய்தவர் கணக்கில் வந்துவிட்டார். சோதிக்க யார்? செம்பனை ஆலையில் பல வருஷமாக பாய்லர் பார்க்கும் என் மாமா ஞாபகம் வந்தது. தூக்கிக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. பம்பை எடுத்து நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ என் அக்கா மகன்டா. நான் பார்த்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன். வேற ஆளைப் பாரு."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பாய்லர் பழைய நாளிதழில் சுற்றியபடி அலமாரியில் இருக்கிறது.